அதே வீட்டுக்குத்தான் போனானா?

இங்கிலாந்தில் நாங்கள் இருக்கும் ரெடிங் ஊரின் ஃபோர்பரி தோட்டத்தில், பெரிய சிங்கச் சிலையைச் சுற்றியுள்ள புல்வெளியில் ஒரு செடி முளைக்கும். இலைகள் தரையோடு படுத்துக் கிடக்கும். நடுவிலிருந்து ஈர்க்குச்சி மாதிரி ஒரு தண்டு எழும்பி, நுனியில் திப்பிலி போலப் பழுப்பாக ஒரு சின்னக் கதிரைத் தாங்கி நிற்கும். ஆளுக்கொரு தண்டைப் பறித்துக்கொள்ள வேண்டும். ஒருவர் தன் தண்டை நீட்டிப் பிடிக்க, மற்றவர் தன்னுடையதால் அதை ஓங்கி அடிக்க வேண்டும். யாருடைய தலை பறக்கிறதோ அவருக்குத் தோல்வி. பள்ளி விட்டு வரும் வழியில் என் மகனோடு இதை ஆடிக்கொண்டிருந்தபோதுதான், கிட்டத்தட்ட 870 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு ராஜாவும் உன் வயதுப் பையன் ஒருவனும் இதே விளையாட்டை ஆடினார்கள் என்று சொல்லத் தொடங்கினேன். அவனுக்கு ஆறு வயது. முழுக் கதையையும் கேட்டான். கேட்டுவிட்டு அவன் போட்ட ஒரு கேள்விக்கு எனக்கு இன்றுவரை சரியான பதில் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவனுக்குச் சொன்ன கதை இதுதான். 1152ஆம் ஆண்டு. மன்னர் ஸ்டீபனுக்கும், முடி தனக்குத்தான் உரியது என்று நின்ற மாட்டில்டாவுக்கும் போர். நியூபரி எங்கள் ஊரிலிருந்து ரயிலில் கொஞ்ச நேரம்தான். அங்கே மாட்டில்டாவின் பக்கம் நின்ற ஜான் மார்ஷல் என்பவரின் கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டிருந்தார். ஜான் போர் நிறுத்தம் கேட்டார். சொன்ன சொல்லுக்குப் பிணை வேண்டும் அல்லவா? தன் நான்காவது மகன் வில்லியமைக் கொடுத்தார். பையனுக்கு ஐந்து வயது, கூடிப்போனால் ஆறு. போர் நின்ற அந்த நாட்களைப் பயன்படுத்தி ஜான் கோட்டைக்குள் ஆட்களையும் உணவையும் நிரப்பிக்கொண்டார். சொல் போயிற்று, பிணையும் போயிற்று. கோட்டையை விடாவிட்டால் பையனைத் தூக்கில் போடுவோம் என்று செய்தி போனது. அதற்குத் தகப்பன் அனுப்பிய பதில் இது: என்னிடம் இன்னும் சுத்தியலும் அடைகல்லும் இருக்கின்றன, இவனைவிட நல்ல பிள்ளைகளை அடித்து உருவாக்கிக்கொள்வேன்.

பையனைத் தூக்குமரத்துக்கு அழைத்துப் போகிறார்கள். வழியில் ஒரு பிரபு கையில் இருந்த ஈட்டியைப் பார்த்து, அதை எனக்குத் தாருங்கள் என்று கேட்கிறான். ஸ்டீபனுக்கு மனம் இளகிவிட்டது. அவனைத் தூக்கித் தோளோடு அணைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அப்புறம் கல் எறியும் பொறியில் வைத்துக் கோட்டைக்குள் வீசலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். பையன் அந்தப் பொறியை ஊஞ்சல் என்று நினைத்துக்கொண்டான். அதுவும் நடக்கவில்லை. ஒருநாள் கூடாரத்தில், தரையில் பரப்பியிருந்த செடி கொடிகளுக்கு நடுவே இந்தத் தண்டுகளைப் பொறுக்கி எடுத்து, “ராஜா, ஆடுவோமா?” என்று கேட்டான். ஆடினார்கள். ராஜாவின் தண்டில் தலை பறந்தது. பையன் துள்ளிக் குதித்தான். கூடாரத்தின் விளிம்பில், தாய் அனுப்பிய பணியாள் ஒருவன் பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று ஒளிந்து பார்த்துக்கொண்டிருந்தான். பையன் அவனை அடையாளம் கண்டு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட, பாவம், உயிர் தப்ப ஓட்டம் பிடித்தான்.

ஈட்டிக்கும் ஊஞ்சலுக்கும் என் மகன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. கையில் இருந்த தண்டை உருட்டிக்கொண்டே, “சண்டை முடிஞ்ச பிறகு அவன் அதே வீட்டுக்குத்தான் போனானா?” என்று கேட்டான்.

ஆமாம். 1153இல் சமாதானம் ஏற்பட்டது. அதே வீட்டுக்குத்தான் போனான்.

கதை எங்கிருந்து வந்தது

வில்லியம் மார்ஷல் பெரியவராகி, ஐந்து மன்னர்களிடம் பணி செய்து, கடைசியில் ஒரு சிறுவன் மன்னனுக்காக இங்கிலாந்தையே ஆண்டு, 1219இல் இறந்தார். இறந்த சில ஆண்டுகளில் அவருடைய மூத்த மகன் தகப்பனின் வாழ்க்கையைப் பாட்டாக எழுதச் சொன்னார். 19,000 வரிகளுக்கு மேல் நீளும் பழைய பிரெஞ்சுப் பாட்டு அது. ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி மிஞ்சி, தனியார் சேகரிப்பில் யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 19ஆம் நூற்றாண்டில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞரின் விடாத தேடலால் வெளிச்சத்துக்கு வந்தது. நியூபரிக் கதை முழுவதும் அந்தப் பாட்டில்தான் இருக்கிறது. கூடாரத்தில் ராஜாவோடு தண்டு விளையாடியதைப் பாட்டெழுதியவர் எப்படி அறிந்திருக்க முடியும்? வில்லியமே தன் பிள்ளைகளுக்கும் வீரர்களுக்கும் சொல்லிச் சொல்லி வந்த கதையாகத்தான் இருக்க வேண்டும். அப்படியென்றால் சுத்தியல், அடைகல் பேச்சையும் அவர்தான் சொல்லியிருக்கிறார். எழுபது வயதுவரை அதை மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. ராஜா தோற்றதும், பொறியை ஊஞ்சல் என்று நினைத்ததும், தகப்பன் சொன்னதும் ஒரே கதைக்குள் சேர்ந்தே இருக்கின்றன.

நடுக்கால ஐரோப்பாவின் மிகச் சிறந்த நைட், அதாவது பட்டம் பெற்ற குதிரை வீரர், என்று இவரைச் சொல்வார்கள். அரச பக்திக்கு இலக்கணம் என்பார்கள். பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் படித்தேன். மகன் கேட்ட பிறகு, அதே வாழ்க்கையைக் குழந்தைகளின் பக்கமிருந்து திரும்பப் படிக்கிறேன். யார் யாருடைய பிள்ளை, யார் கையில், எதற்கு ஈடாக இருந்தது என்பதுதான் இப்போது கண்ணில் படுகிறது.

ஒரு குதிரையும் ஒரு மேலங்கியும்

பதின்மூன்று வயது வாக்கில் அவனை நார்மண்டியில் டான்கார்வில் பிரபுவின் வீட்டுக்குப் போர்ப்பயிற்சிக்கு அனுப்பினார்கள். 1165இல் தகப்பன் இறந்தபோது அவனுக்கென்று எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை. நான்காவது மகனுக்கு நிலம் வராது. நிலம் இல்லாத நைட்டின் வாழ்க்கை முழுக்கக் குதிரையில் தொங்குகிறது. போர்க்குதிரை இருந்தால் எந்தப் பிரபுவும் சேர்த்துக்கொண்டு சோறும் உடையும் தருவார். குதிரை செத்தால் யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள். வில்லியமின் முதல் சண்டையிலேயே, நைட் பட்டம் வாங்கிய கையோடு, குதிரை செத்தது. அன்று இரவு விருந்தில் மாண்டவில் என்ற பிரபு, “எனக்கு ஒரு சேணவாரோ பழைய கழுத்துப்பட்டையோ பரிசாகக் கொடேன்” என்று கேட்டார். என்னிடம் ஏது என்றான் வில்லியம். இன்று உன் கண் முன்னால் நாற்பது அறுபது இருந்தனவே என்றார் அவர். பந்தியே சிரித்தது. பிடிபட்ட எதிரியின் குதிரையும் சேணமும் பிடித்தவனுக்குச் சொந்தம். பையன் வீரமாகச் சண்டை போட்டானே தவிர, ஒன்றையும் பிடிக்கவில்லை. பட்டம் வாங்கும்போது கிடைத்த புது மேலங்கியை விற்றுச் சுமைக்குதிரை ஒன்று வாங்கினான்.

அந்தச் சிரிப்பு அவனுக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். பின்னாளில் ரோஜர் என்ற இன்னொரு வீரரோடு பங்கு பேசிக்கொண்டு, போர்ப் போட்டி போர்ப் போட்டியாகப் போனார். அந்தக் காலத்துப் போட்டி, தடுப்புக்கு இரண்டு பக்கமும் குதிரை விட்டு மோதும் அலங்காரக் காட்சி இல்லை. இரண்டு ஊர்களுக்கு நடுவே வயலிலும் தோப்பிலும் இரண்டு படைகள் மோதும். கொல்லக் கூடாது, பிடிக்கலாம். பத்து மாதத்துக்குள் இருவரும் 103 நைட்டுகளைப் பிடித்தார்கள் என்று அரண்மனைச் சமையல்கட்டின் கணக்கர் எழுதி வைத்திருந்தார். குதிரைகளையும் தளவாடங்களையும் தனியாக எழுதவில்லையாம். பிளேர் என்ற இடத்தில் ஒரு போட்டி முடிந்து, சிறந்த வீரருக்கான பரிசைக் கொடுக்க அவரைத் தேடியிருக்கிறார்கள். எங்கும் ஆளைக் காணோம். கடைசியில் கொல்லன் பட்டறையில் இருந்தார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழுத்தில் இறுகிக்கொண்டது. தலையை அடைகல் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு இருக்கிறார், கொல்லன் சுத்தியலும் குறடுமாகக் கவசத்தை நெம்பிக்கொண்டிருக்கிறான். அந்த இடத்தை வாசிக்கும்போது ஜான் மார்ஷலின் பதில் என் காதில் கேட்கத்தான் செய்கிறது.

அரச சேவைக்குள் அவர் நுழைந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 1168இல் பிரான்சின் பொய்த்தூ பகுதியில், மன்னர் இரண்டாம் ஹென்றியின் மனைவி ராணி எலினோரோடு வந்த தன் மாமாவை எதிரிகள் பின்னாலிருந்து குத்திக் கொன்றபோது, வில்லியம் வேலியில் முதுகு கொடுத்து நின்று தனியாகச் சண்டை போட்டார். வேலிக்கு அப்பால் இருந்து ஒருவன் தொடையில் ஈட்டி பாய்ச்சினான். பிடித்துக்கொண்டு போனவர்கள் புண்ணுக்கு ஒன்றும் செய்யவில்லை. தங்கிய ஒரு வீட்டில் ஒரு பெண்மணி இதைக் கவனித்திருக்கிறார். ஒரு ரொட்டியின் உள்ளிருந்து மாவை எடுத்துவிட்டு, அந்தக் குழிக்குள் சுத்தமான நார்த்துணியைச் செருகி, உணவு போலக் கொடுத்தனுப்பினார். அந்தப் பெண்ணின் பெயர் பாட்டில் இல்லை. எலினோர் பணம் கட்டி அவரை மீட்டார். 1170இல் தன் மகன் இளைய ஹென்றிக்குப் போர்க்கலை சொல்லித் தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. ஐந்து வயதில் அவருடைய உயிரைத் தகப்பன் கைகழுவினார். இருபது வயதுக்குக் கொஞ்சம் மேலே போனதும் ஒரு ராணி விலை கொடுத்து மீட்டார். அந்தக் குடும்பத்துக்கு அவர் ஐம்பது ஆண்டுகள் உழைத்ததை நான் இதிலிருந்துதான் புரிந்துகொள்கிறேன். விசுவாசம் என்றால் கூலி வாங்காத ஒன்று என்று நாம் நினைக்கிறோம். மார்ஷல் ஒவ்வொரு மன்னரிடமும் வாங்கினார், கேட்டும் வாங்கினார். வாங்கியதற்கு உழைத்தார். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லிலேயே சோறு இருக்கிறதே.

நடுவில் நடந்தவை ஏராளம். இளைய ஹென்றி 1183இல் மார்ட்டெல் என்ற ஊரில் வயிற்றுக்கடுப்பில் இறந்தபோது கொடுத்த வாக்குக்காக, அவருடைய சிலுவை தைத்த மேலங்கியை எருசலேம்வரை எடுத்துப் போனார். 1189இல் லே மான் நகரிலிருந்து கிழட்டு மன்னர் இரண்டாம் ஹென்றி தப்பி ஓடும்போது, துரத்தி வந்த அவருடைய மகன் இளவரசர் ரிச்சர்டை மார்ஷல் வழிமறித்தார். ரிச்சர்ட் கவசம் அணியவில்லை, என்னைக் கொல்லாதே என்றார். உன்னைச் சாத்தான் கொல்லட்டும் என்று சொல்லிக் குதிரையை மட்டும் குத்திச் சாய்த்தார். அடுத்த மாதமே அந்த ரிச்சர்ட் மன்னரானார். தண்டிப்பார் என்று எல்லோரும் நினைக்க, அவரோ மார்ஷலுக்குப் பெரும் நிலத்துக்கு வாரிசான இசபெல் டி கிளேரை மணம் முடித்து வைத்தார். ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள் பிறந்தார்கள்.

மன்னிக்க முடியாத இடம்

அப்புறம் ரிச்சர்டின் தம்பி ஜான் மன்னராக வந்தார். 1205இல் மார்ஷல் மேல் சந்தேகப்பட்டு மூத்த மகனைப் பிணையாகக் கேட்டார். மார்ஷல் கொடுத்தார். 1207இல் மார்ஷல் அயர்லாந்துக்குப் புறப்பட்டபோது அவருடைய இரண்டாவது மகன் ரிச்சர்டையும் ஜான் கேட்டார். இசபெல்லுக்குச் சம்மதமில்லை. வீரர்கள் சிலரும் வேண்டாம் என்றார்கள். மார்ஷல் அதையும் கொடுத்தார். பையன்களுக்கு அப்போது பதினைந்து, பதினாறு வயது இருக்கும்.

நான் புத்தகத்தை மூடி வைத்தது இந்த இடத்தில்தான். நியூபரியில் தூக்குமரத்துக்கு நடந்த பையன், தான் பெற்ற பிள்ளையை எப்படி அனுப்பினான்? அன்றைய அரசியலில் பிணை கொடுப்பது வழக்கம்தான், எல்லாப் பிரபுக்களும் கொடுத்தார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கம் தவறில்லை. ஆனால் எல்லோரும் கொடுத்துவிடவில்லை. 1208இல் பிரியோஸ் என்ற பிரபுக் குடும்பத்திடம் ஜான் பிள்ளைகளைக் கேட்டார். தன் அண்ணன் மகன் ஆர்தரைக் கொன்றவரிடம் என் பிள்ளைகளைத் தர மாட்டேன் என்று தாய் மட்டில்டா, தூதர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். வெளியே யாரும் பேசத் துணியாத பேச்சு. 1210இல் அந்தத் தாயும் மூத்த மகனும் ஜானின் சிறையில் பட்டினியால் செத்தார்கள். 1212இல் வேல்ஸ் நாட்டுத் தலைவர்கள் கொடுத்திருந்த பிணைப் பிள்ளைகளை நாட்டிங்ஹாமில் தூக்கில் போட்டார் ஜான். 28 பேர் என்று அன்றைய குறிப்பு சொல்கிறது.

கொடுத்த மார்ஷலின் பிள்ளைகள் பிழைத்தார்கள். கொடுக்காத மட்டில்டாவின் பிள்ளை செத்தான். இந்தக் கணக்கைப் பார்த்தால் மார்ஷல் செய்தது சரி. ஆனால் எனக்கு மனம் மட்டில்டா பக்கம்தான் போகிறது. அந்தப் பையன்களை வைத்திருந்தவர் ஸ்டீபன் போலத் தண்டு விளையாடும் ராஜா இல்லை. அது மார்ஷலுக்குத் தெரியும். பின்னாளில் பிரியோஸ் குடும்பம் ஜானுக்குப் பயந்து அயர்லாந்துக்கு ஓடி வந்தபோது அடைக்கலம் கொடுத்தவரே அவர்தான். தெரிந்துதான் அனுப்பினார். ஒருவேளை, நான் பிழைத்தேனே, இவர்களும் பிழைப்பார்கள் என்று நினைத்தாரோ என்னவோ. அவருடைய மூத்த மகன் ஏழு ஆண்டுகள் கழித்து விடுதலையானார். பிரபுக்கள் ஜானை எதிர்த்து எழுந்தபோது அவர்கள் பக்கம் போய்ச் சேர்ந்தார். தகப்பன் மன்னரோடு, மகன் கலகக்காரர்களோடு. இதில் எனக்குக் கொஞ்சமும் ஆச்சரியமில்லை.

மால்ம்ஸ்பரி சாலையில்

1216 அக்டோபரில் ஜான் இறந்தார். பாதி நாடு பிரெஞ்சு இளவரசர் லூயியின் கையில். லண்டன் போயிற்று. கருவூலம் காலி. சாகும்போது ஜான், சுற்றி நின்றவர்களிடம், நான் செய்த தீங்குகளை மார்ஷல் மன்னிக்க வேண்டும், என் மகனை அவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொண்டாராம். பிள்ளைகளைப் பிணையாகப் பிடுங்கியவர், தன் பிள்ளையை யாரிடம் விட வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்.

அந்தப் பையன் ஹென்றிக்கு ஒன்பது வயது. டிவைசஸ் கோட்டையிலிருந்து அவனை அழைத்து வந்தார்கள். மால்ம்ஸ்பரி ஊருக்கு வெளியே, திறந்த வெளியில், மார்ஷல் எதிரே போனார். தனியாகக் குதிரை ஏறத் தெரியாத வயதோ என்னவோ, ஒரு வீரர் பையனைத் தன் கைகளில் தாங்கிக்கொண்டு வந்தார். பையன் மார்ஷலைப் பார்த்து, “வாருங்கள் ஐயா, கடவுளிடமும் உங்களிடமும் என்னை ஒப்படைக்கிறேன், என்னைப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்றான். சொல்லிக் கொடுத்த வார்த்தைகளாக இருக்கலாம். அப்புறம் அவன் அழத் தொடங்கினான். அங்கே நின்றவர்கள் எல்லோரும் அழுதார்கள், மார்ஷலும் அழுதார் என்கிறது பாட்டு. அவருக்கு எழுபது வயது.

பையனுக்காக நாட்டை ஆளும் பொறுப்பை மார்ஷல் உடனே ஏற்கவில்லை. வயதாகிவிட்டது என்றார். க்ளஸ்டரில் பையனை நைட் ஆக்கி, 28ஆம் தேதி முடி சூட்டினார்கள். அவன் அளவுக்குச் சின்னதாகத் தைத்த அரச உடையில் அழகான குட்டி வீரனாக இருந்தான் என்று பாட்டு சொல்கிறது. பிறகு மார்ஷல் தனக்கு நெருக்கமான மூன்று பேரைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். அவர்களில் எர்லி ஊர் ஜான், எல்லாம் கைவிட்டுப் போனாலும் அயர்லாந்துக்குப் பின்வாங்கலாம், தோற்றாலும் பெரும் புகழ்தான் என்றார். அதற்கு மார்ஷல் சொன்னது: எல்லோரும் இந்தப் பையனை விட்டுப் போனால் நான் என்ன செய்வேன் தெரியுமா? என் தோளில் தூக்கிக்கொள்வேன். தீவு தீவாக, நாடு நாடாக நடப்பேன். பிச்சை எடுத்துத்தான் சாப்பிட வேண்டும் என்றாலும் விட மாட்டேன்.

அரச பக்திக்கு மேற்கோளாக இந்த வரிகளை எல்லா இடத்திலும் காட்டுவார்கள். எனக்கு அதில் அரசன் தெரியவில்லை. தோள்தான் தெரிகிறது. நியூபரியில் ஸ்டீபன் தூக்கி அணைத்துக்கொண்டாரே, அந்தத் தோள். அறுபத்து நாலு ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு எதிரி ராஜா, தகப்பன் கைவிட்ட ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். இப்போது அந்தப் பையன் கிழவராகி, தகப்பன் போன இன்னொரு பையனைத் தூக்குகிறேன் என்கிறார். இதற்கு ஆதாரம் கேட்டால் என்னிடம் இல்லை. பாட்டில் அவர் நியூபரியை நினைத்தார் என்று ஒரு வரியும் கிடையாது. ஆனால் தோள் என்ற சொல் அவர் வாயில் எங்கிருந்து வந்தது என்று நான் நம்புகிறேனோ, அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

சொன்னபடி செய்தார். ஜானிடமிருந்து பிரபுக்கள் பெற்ற உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவைத் தன் முத்திரையோடு திரும்ப வெளியிட்டார். 1217 மே மாதம் லிங்கன் நகரில் லூயியின் படையோடு நடந்த சண்டைக்கு முன்னால் நின்றார். தலைக்கவசத்தை மறந்து பாயப் போனவரை ஒரு பையன் நிறுத்தி மாட்டிவிட்டான். சண்டை முடிந்தபோது அந்தக் கவசத்தில் மூன்று ஆழமான அடிகள் பதிந்திருந்தன. மூத்த மகன் அதற்குள் திரும்பி வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

1219 வசந்தத்தில் படுத்துவிட்டார். கடைசி நாட்களுக்கு அவர் தேர்ந்தெடுத்த இடம் கேவர்ஷாம். எங்கள் ஊரில் பாலத்தைத் தாண்டினால் அது. பதினோரு வயது ஹென்றியை ஆற்றின் இந்தப் பக்கம் ரெடிங் மடத்தில் தங்கவைத்தார்கள். அந்த மடத்தின் சுவர்கள் ஃபோர்பரி தோட்டத்துக்குப் பின்னால் இன்றும் மொட்டையாக நிற்கின்றன. மார்ஷல் பையனைக் கட்டிலுக்கு அருகே வரச் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டார். நல்லவனாக வளர வேண்டும், உன் முன்னோரில் தீயவர் ஒருவரைப் போல நடப்பாயானால் கடவுள் உனக்கு நீண்ட ஆயுள் தர வேண்டாம் என்றார். ஜானின் மகன் ஆமென் என்றான். அடுத்து யார் கையில் இவன் என்ற கேள்வி எழுந்தது. பெரிய பிரபுக்கள் யாரையும் அவர் நம்பவில்லை. போப்பின் தூதரிடம் ஒப்படைக்க முடிவு செய்தார். அதைச் சபையின் முன்னால் செய்து முடிக்க மூத்த மகனை அனுப்பினார். வின்செஸ்டர் பிஷப்புக்கு இது பொறுக்கவில்லை. எல்லோர் முன்னாலும் பாய்ந்து வந்து பையனின் தலையைப் பிடித்துக்கொண்டார். விடுங்கள் என்றார் மார்ஷலின் மகன். ஜானிடம் ஏழு ஆண்டுகள் பிணையாக இருந்தவர் அவர். ஜானின் மகன் கையைப் பிடித்து, தூதர் நின்ற இடத்துக்கு அழைத்துப் போனார்.

இதை இன்னும் என் மகனுக்குச் சொல்லவில்லை. போன ஞாயிறு மடத்துச் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். அவன் தண்டுகளைப் பறித்துக் கட்டாகச் சேர்த்துவிட்டு, ஒன்றை என்னிடம் நீட்டினான். நான் நீட்டிப் பிடித்தேன். முதல் அடியிலேயே என்னுடையது போயிற்று.